மிஸ்ஸி கொண்டுவந்த மருந்து

பிரிக்ஃபீல்ட்ஸில் வலிக்கு வைத்தியம் தேடி அலைய வேண்டியதில்லை. கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து துன் சம்பந்தன் சாலைப் பக்கம் நடந்தால், பார்வையற்றவர்கள் வேலை செய்யும் மசாஜ் நிலையங்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இந்தப் பேட்டையில்தான் இருக்கிறது. வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு நடப்பவர்களுக்குக் கூட்டம் தானாக வழி விடுகிறது. மளிகைக் கடைகளில் நம் ஊர்த் தைலமும் லேகியமும் அடுக்கியிருக்கின்றன. பூக்கடை, வாழையிலைச் சாப்பாடு, பழைய படப் பாட்டு என்று பாதித் தெரு மயிலாப்பூர் மாதிரி. 2010இல் இதற்கு 'லிட்டில் இந்தியா' என்று பெயர் சூட்டி அலங்கார வளைவு வைத்தார்கள். ஆனால் ரயில்வே வேலைக்கு வந்த தமிழர்களும் யாழ்ப்பாணத்தாரும் இங்கே குடியேறியது அதற்கு மிகவும் முன்பு.

நானும் ஒரு வலி விஷயமாகத்தான் போயிருந்தேன். கிள்ளானில் இருக்கும் என் பெரியம்மாவுக்குப் புற்றுநோய், எலும்பு வரை பரவிவிட்டது. பெரியம்மா மகன், என் அண்ணன், போனில் ஒரு விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். "வலிக்கு ஒரு மருந்து கொடுத்திருக்காங்க. நாங்க இன்னும் தொடலை. அது டாடாவாம்."

டாடா என்றால் கம்பெனியும் இல்லை, குழந்தை கையசைப்பதும் இல்லை. மலாய் மொழியில் போதைப்பொருளுக்கு அதுதான் பெயர். வேடிக்கை என்னவென்றால், பழைய மலாயில் அந்தச் சொல்லுக்கு மூலிகை மருந்து என்றுதான் பொருள். நம் தமிழ் மட்டும் என்ன வாழ்கிறது? 'மருந்து சாப்பிட்டான்' என்றால் உடம்பு தேறும். 'மருந்தைக் குடிச்சுட்டான்' என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

பெரியம்மா வீட்டில் இருந்தது மார்ஃபின். பிரிக்ஃபீல்ட்ஸ் மளிகைக் கடையில் குருமாவுக்கு விற்கும் கசகசா இருக்கிறதே, அதே செடியின் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். அதிலிருந்து மார்ஃபினைத் தனியாகப் பிரித்தவர் ஜெர்மனியின் செர்ட்டூர்னர் என்ற மருந்தாளுநர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அந்த மார்ஃபினில் ஒரு மாற்றம் செய்து, 1898இல் இருமல் மருந்தாக பேயர் கம்பெனி விற்றதுதான் ஹெராயின். விதை சமையலறைக்கு, பால் ஆஸ்பத்திரிக்கு, அதன் பிள்ளை சிறைச்சாலைக்கு. (சாதுவான கசகசாவைக்கூட ஐக்கிய அரபு அமீரகத்துக்கோ சிங்கப்பூருக்கோ பெட்டியில் எடுத்துப்போகாதீர்கள். அங்கே அதற்கும் தடை.)

அண்ணன் குடும்பத்தின் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். மலேசியாவின் அபாயகரமான போதைப்பொருள் சட்டம் 1952ஆம் ஆண்டினது. 1975இல் கடத்தலுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கலாம் என்று ஆனது. 1983இல் விதித்தே ஆக வேண்டும் என்று ஆனது. ஹெராயினோ மார்ஃபினோ 15 கிராம், கஞ்சா 200 கிராம் கையில் இருந்தால் கடத்தல்காரர் என்றே சட்டம் அனுமானிக்கும். இல்லையென்று நிரூபிப்பது பிடிபட்டவர் பொறுப்பு. 2023 ஜூலையில்தான் கட்டாயத் தூக்கு முழுவதுமாக எடுக்கப்பட்டது. இப்போது நீதிபதி ஆயுள் சிறையும் பிரம்படியும் கொடுக்கலாம், தூக்கும் கொடுக்கலாம். பக்கத்து சிங்கப்பூரில் 2022 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்ட நாகேந்திரன் தர்மலிங்கம் மலேசியத் தமிழர், ஈப்போக்காரர். அவர் கொண்டுபோனது 42.72 கிராம் ஹெராயின். அந்த மாதம் இங்கே தமிழ் வீடுகளில் வேறு பேச்சே இல்லை என்றார் அண்ணன். அப்படி ஒரு சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்களிடம், அந்தச் சொல்லை ஒரு பாட்டிலில் அடைத்துக் கொடுத்து 'அம்மாவுக்கு ஊற்றுங்கள்' என்றால் கை நடுங்கத்தானே செய்யும்?

இத்தனைக்கும் மருத்துவர் தம் நோயாளிக்கு இவற்றைக் கொடுக்கலாம் என்று சொல்வதும் அதே 1952 சட்டம்தான். பதிவேட்டில் கணக்கு எழுத வேண்டும், பூட்டி வைக்க வேண்டும், அவ்வளவுதான். உலக நாடுகள் போதைப்பொருளைக் கட்டுப்படுத்த 1961இல் செய்துகொண்ட ஒப்பந்தமும், வலியைத் தணிக்க இவை இன்றியமையாதவை, தட்டுப்பாடு வரக் கூடாது என்று முகவுரையிலேயே சொல்கிறது. தண்டனைப் பகுதி நமக்கு மனப்பாடம். முகவுரையை யார் படித்தோம்?

இனிக்கும் தண்ணி

கிள்ளானுக்குப் போவதற்கு முன், அண்ணனின் பள்ளித் தோழர் ஒருவர் மூலம் பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கட்டும் ஒருவரிடம் பேச முடிந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவர். மல்லிகையைக் கண்ணால் பார்க்காமலே கட்டுகிறார். விரலில் சிறு நடுக்கம்கூட இல்லை.

"பதினோரு வருஷம் ஊசி போட்டேன் தம்பி. செரெந்திக்கு ரெண்டு வாட்டி போய் வந்தேன். வெளிய வந்த அன்னிக்கே மறுபடி போட்டேன்." செரெந்தி என்றால், போதைக்கு அடிமையானவர்களைப் பிடித்து இரண்டு ஆண்டு வரை அடைத்துவைத்த அரசு மையம். அந்த நாட்களில் ஊசியைப் பகிர்ந்துகொண்டதால் எச்.ஐ.வி. பரவியது. 2002இல் மட்டும் மலேசியாவில் புதிதாக 6,978 பேருக்குத் தொற்று. பெரும்பாலோர் ஊசி போட்டவர்கள். வேறு வழியில்லாமல் அரசு 2005 அக்டோபரில் ஏறத்தாழ 1,200 பேருடன் மெத்தடோன் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு புது ஊசி கொடுக்கும் திட்டமும் வந்தது. தூக்குத் தண்டனையைத் தளர்த்தாத அதே அரசுதான் இதையும் செய்தது. நான் கேள்விப்பட்ட அரசு முரண்பாடுகளில் உருப்படியானது இது ஒன்றுதான்.

மெத்தடோனும் அபின் குடும்பத்து மருந்துதான், ஆனால் ஆலையில் செய்வது. ஹெராயின் நாலைந்து மணி நேரத்தில் இறங்கிவிடும், மறுபடி தேடவைக்கும். மெத்தடோன் ஒரு வேளை குடித்தால் ஒரு நாள் தாங்கும். சரியான அளவு பிடிபட்டுவிட்டால் போதை ஏறாது, நடுக்கமும் வராது. பழக்கமில்லாதவர் அதே அளவைக் குடித்தால் மூச்சே நின்றுவிடலாம். அதனால்தான் பாட்டிலை வீட்டுக்குக் கொடுத்துவிடுவதில்லை. தினமும் கிளினிக்குக்குப் போய், தாதியின் கண்முன்னால் குடிக்க வேண்டும். மாதக்கணக்கில் ஒழுங்காக வருபவர்களுக்குத்தான் சில நாளைக்கு உரியதை வீட்டுக்குத் தருவார்கள்.

"காலையில கிளினிக், அப்புறம் பூ. சின்னக் கப்புல இனிப்பாத் தருவாங்க. குடிச்சிட்டு மிஸ்ஸிகிட்ட நாலு வார்த்தை பேசணும். வாயில அடக்கி வெளிய கொண்டுபோய் வித்துடுவோம்னு பயம். நியாயம்தான், நாங்க செய்யக்கூடியவங்கதான்" என்று சிரித்தார். "பெரிசா ஒண்ணும் ஏறாது தம்பி. ஆனா மூக்கு ஒழுகாது, எலும்பு நோகாது. மக கல்யாணத்துக்கு மாலை நான்தான் கட்டினேன்."

மிஸ்ஸி என்றால் நர்ஸ். தோட்டத்து ஆஸ்பத்திரிக் காலத்துச் சொல், இன்னும் மாறவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கொஞ்ச தூரத்தில், மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு அருகே, பந்தாய் பாரு சாலையில் அர்-ரஹ்மான் மசூதி இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் போதைச் சிகிச்சை மையம் 2010இல் அங்கேயே மெத்தடோன் கொடுக்கத் தொடங்கியது. மசூதிக்குள் இப்படி ஒரு சிகிச்சை உலகிலேயே முதல் தடவை என்று அப்போது பேசினார்கள். எதிர்ப்பு வராமலா இருக்கும்? ஆனால் தெருவில் இருந்தால் அவனைக் குற்றவாளி என்கிறோம், கிளினிக்கில் இருந்தால் நோயாளி என்கிறோம். தொழுகை வரிசையில் நின்றால் பக்கத்து ஆள் என்றுதான் சொல்ல முடியும். நம் கோயில் மண்டபங்களில் கண் பரிசோதனை முகாம் நடக்கிறது, ரத்த தானம் நடக்கிறது. இது நடக்குமா என்று யோசித்துப் பார்த்தேன்.

காசிப்பூர் சரக்கு

மாலையில் பழைய கோலாலம்பூருக்கு நடந்தேன். பெட்டாலிங் தெரு, பசார் சுற்றுவட்டாரம். இந்த ஊரைக் கட்டியெழுப்பியவர் என்று பெயர்பெற்ற சீனர் தலைவர் யாப் ஆ லோய் 1868 முதல் 1885 வரை இங்கே கோலோச்சினார். ஈயச் சுரங்கக் கூலிகளுக்கு அபின் விற்பது அவர் காலத்தில் ஊரறிந்த வியாபாரம். அதை விற்கும் உரிமையை அரசே ஏலத்துக்கு விட்டது. பின்னர், 1910 வாக்கில், பிரிட்டிஷ் அரசே நேரடியாகக் காய்ச்சி விற்றது. காய்ச்சிய அபினுக்குச் 'சண்டு' என்று பெயர். சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த நீரிணைக் குடியேற்ற அரசுக்குச் சில ஆண்டுகளில் வருமானத்தில் பாதியை ஒட்டி அபினிலிருந்தே வந்தது. சீனக் கூலிக்குச் சண்டு, தோட்டத்துத் தமிழனுக்குக் கள்ளு. கூலியாகக் கொடுத்ததை அந்தி சாய்வதற்குள் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் அபின் புகைப்பதற்குத் தடை வந்தது.

அந்த அபின் எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் நாட்டிலிருந்துதான். பாட்னா, காசி வட்டாரத்தில் விளைந்து கல்கத்தாவில் ஏலம் போய்க் கப்பலேறியது. காசிக்குக் கிழக்கே கங்கைக் கரையில் காசிப்பூரில் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கிய அபின் ஆலை இன்றும் இருக்கிறது. இப்போது மத்திய அரசின் ஆலை. மருந்துக்காக மட்டும் அபினைப் பதப்படுத்துகிறது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் உரிமம் பெற்ற விவசாயிகள் இன்றும் காயைக் கீறிப் பால் எடுக்கிறார்கள்.

உலகின் மருந்து அபினை விளைவிக்கும் நாட்டில், வலியில் துடித்த நோயாளிக்கு அது கிடைத்ததா? 1985இல் நம் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. ஒரு ஆஸ்பத்திரி மார்ஃபின் வாங்கப் பல துறைகளிடம் பல உரிமங்கள் பெற வேண்டும், ஒன்று காலாவதியானாலும் சிறை என்று ஆனதும், மருந்துக் கடைகளும் மருத்துவமனைகளும் எதற்கு வம்பு என்று ஒதுங்கின. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இந்தியாவின் மார்ஃபின் பயன்பாடு 90 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. கேரளத்தில் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் ஊர் ஊராக வலி நிவாரண மையங்களைக் கட்டியெழுப்பி, சட்டத்தோடும் மல்லுக்கட்டினார்கள். 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. அனுமதி கொடுப்பது ஒரே அதிகாரியின் வேலையானது. உலக அளவிலும் இதே கதைதான். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு 2017இல் கணக்குப் பார்த்தது: ஆண்டுக்கு 298.5 டன் மார்ஃபின் வகை மருந்துகள் விநியோகமாகின்றன, மிக ஏழை நாடுகளுக்குப் போவது 0.1 டன். வலி மட்டும் எல்லா நாட்டிலும் ஒன்றுபோலத்தான் விநியோகமாகிறது.

ஷா ஆலம் தாண்டி

கிள்ளானுக்கு கே.டி.எம். கம்யூட்டர் ரயிலில் போவது எனக்குப் பிடிக்கும். ஒரு மணி நேரம். குளிரூட்டிய பெட்டி, ஆளுக்கொரு போன். பந்தாய் டாலாம், சுபாங் ஜெயா, பத்து தீகா என்று வந்து ஷா ஆலம். சிலாங்கூரின் தலைநகர். நீலக் குவிமாட மசூதிக்குப் பெயர் போனது.

2018 ஆகஸ்டில் இந்த ஊர் உயர் நீதிமன்றத்தில்தான் 29 வயது இளைஞர் ஒருவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தார்கள். அவரிடம் இருந்தது மூன்று லிட்டருக்கு மேல் கஞ்சா எண்ணெய், 279 கிராம் கஞ்சா. நோயாளிகளுக்குக் கொடுக்கவே வைத்திருந்தேன் என்பது அவர் வாதம். நாடே கொந்தளித்தது. தண்டனையை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று பிரதமர் மகாதீரே சொன்னார். கட்டாயத் தூக்கைக் கொண்டுவந்தபோதும் அவர்தான் பிரதமர் என்பது தனிக் கதை. அதே 2018இல் அமெரிக்காவில், குழந்தைகளின் கடுமையான வலிப்பு நோய்களுக்காகக் கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த எபிடியோலெக்ஸ் என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்தது.

2021 நவம்பரில் அப்போதைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுதீன் நாடாளுமன்றத்தில் ஒரு பதில் கொடுத்தார்: மருத்துவத்துக்காகக் கஞ்சா சார்ந்த பொருளைப் பயன்படுத்துவதை இப்போதுள்ள சட்டங்களே தடுக்கவில்லை, முறையாக ஆராய்ந்து, மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையத்தில் பதிவு செய்து, உரிமம் பெற்றவர் வழியாக, குறிப்பிட்ட நோயாளிக்குக் கொடுக்கலாம். படித்தபோது எனக்கே வியப்பு. கதவு பூட்டியிருக்கிறது என்று எல்லோரும் நினைத்த இடத்தில் தாழ்ப்பாள் மட்டும்தான் இருந்திருக்கிறது. ஆனால் அந்தத் தாழ்ப்பாளை விலக்க ஆய்வும் பணமும் பல ஆண்டும் வேண்டும். அதுவரை இணையத்தில் யாரோ விற்கும் எண்ணெயை மருந்து என்று நம்பி வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. சீசாவுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. பக்கத்துத் தாய்லாந்து 2022இல் கஞ்சாவைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தது. தெருவுக்குத் தெரு கடை முளைத்தது. 2025இல் மருத்துவர் சீட்டு கட்டாயம் என்று திரும்பி வந்தது.

கிள்ளானில் இறங்கினால் தெங்கு கிளானா சாலை. பிரிக்ஃபீல்ட்ஸைவிட இதுதான் எனக்கு அசல் கடைத்தெரு. பலகாரக் கடை, நகைக்கடை, புடவைக் கடை, நடுவில் ஜோசியர். தீபாவளிக்கு முன் கால் வைக்க இடம் இருக்காது. சுற்றிலும் இருந்த ரப்பர் தோட்டங்கள் வீடுகளாகிவிட்டன. தோட்டத்தை விட்டு வந்தவர்களின் பிள்ளைகள் அந்த வீடுகளில் இருக்கிறார்கள். அண்ணன் வீடும் அப்படி ஒன்று.

பெரியம்மா ஒருக்களித்துப் படுத்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்று, பாதியில் பல்லைக் கடித்துக்கொண்டார். அண்ணி என்னைத் தனியாக அழைத்துப்போய் அலமாரியைத் திறந்தார். பட்டுப் புடவைகளுக்கு அடியில், துணியில் சுற்றிய பாட்டில். மூடி திறக்கவில்லை. இரண்டு வாரமாக அப்படியே.

"போலீஸ் வந்து கேட்டா என்ன சொல்றது? அதோட, இந்த மருந்தைக் கொடுத்தா முடியப் போகுதுன்னு அர்த்தமாமே" என்றார். அண்ணன் வேறு பக்கம் பார்த்தார். அவருடைய தோட்டத்துத் தோழர்கள் இருவர் ஹெராயினில் போனவர்கள். அம்மாவுக்கும் பழகிவிட்டால்?

மறுநாள் மிஸ்ஸி வந்தார். வீட்டுக்கே வந்து பார்க்கும் தாதி. இந்த வட்டாரத்தில் இந்த வேலையை முதலில் பெரிய அளவில் செய்தது செராஸில் இருக்கும் ஹாஸ்பிஸ் மலேசியா, 1991 முதல். இப்போது வேறு அமைப்புகளும் செய்கின்றன. நம் தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் வீட்டுக்கு வந்து வலி தணிக்கும் சேவை உண்டு. எத்தனை வீடுகளுக்கு அது தெரியும் என்பது வேறு விஷயம்.

மிஸ்ஸி தமிழ்ப் பெண். முப்பது வயதிருக்கும். திட்டவில்லை. பாட்டிலை வாங்கி, ஒட்டியிருந்த சீட்டில் பெரியம்மா பெயரை அண்ணியையே படிக்கச் சொன்னார். "இந்தப் பேரு இருக்கறவரைக்கும் இது மருந்துக்கா. வேற யாரு வாய்க்குப் போனாலும் அது தப்பு." பிறகு கணக்கு. ஐந்து மில்லியில் பத்து மில்லிகிராம். வேளைக்கு இரண்டரை மில்லி, நாலு மணிக்கு ஒரு தரம். நான் பேப்பரில் போட்டுக் காட்டினேன்: நூறு மில்லி பாட்டில் முழுவதிலும் இருப்பது கால் கிராம்கூட இல்லை. சட்டம் சொல்லும் 15 கிராமுக்கு இப்படி 75 பாட்டில் வேண்டும். அண்ணி அந்தப் பேப்பரை மடித்து வைத்துக்கொண்டார்.

பழகிவிடுமா என்று அண்ணன் கேட்டார். உடம்பு பழகும், திடீரென்று நிறுத்தக் கூடாது. ஆனால் வலிக்காக அளந்து குடிப்பவர் அதைத் தேடித் திருடுகிறவராக மாறுவது அபூர்வம் என்றார் மிஸ்ஸி. முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும். எழுப்ப முடியாத தூக்கமாக இருந்தால், மூச்சு மெதுவானால், உடனே போன் செய்ய வேண்டும். மருந்து கொடுத்தால் சீக்கிரம் முடிந்துவிடுமா? "படிப்படியா ஏத்தினா அப்படி ஆகாதுண்ணே. வலியோட படுத்திருந்தா சாப்பிடவும் மாட்டாங்க, தூங்கவும் மாட்டாங்க. அதுதான் ஆளைச் சீக்கிரம் கரைக்கும்."

முதல் வேளையை அண்ணியே கொடுத்தார். கசப்பாம். பெரியம்மா முகத்தைச் சுளித்து, நாட்டுச் சர்க்கரை கேட்டார்.

மூன்றாம் நாள் காலை நான் எழுந்து வந்தபோது அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "பசியாறிட்டியாடா?" என்றார். இந்த நாட்டில் 'நல்லா இருக்கியா' என்பதற்குப் பதில் அதைத்தான் கேட்பார்கள். பிறகு, 1974இல் கப்பலிறங்கிய நாளைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். நடுவில் அண்ணி வைத்த சாம்பாரில் புளி தூக்கல் என்று ஒரு புகார். அண்ணிக்கு அந்தப் புகாரைக் கேட்டதும் அழுகை வந்துவிட்டது.

பாட்டில் புடவை அலமாரியிலிருந்து இறங்கி, பூட்டுள்ள சின்ன டப்பாவுக்குள், கடிகாரத்துக்குப் பக்கத்துத் தட்டுக்கு வந்துவிட்டது. பேரனின் பழைய பள்ளி நோட்டில் அண்ணி நேரமும் அளவும் எழுதி வருகிறார், மளிகைக் கணக்கு மாதிரி. நான் கிளம்பிய அன்று மிஸ்ஸி மறுபடி வந்தார். நோட்டைப் பார்த்தார், பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மிச்சத்தை அளந்தார், தம் பதிவேட்டில் குறித்துக்கொண்டார். மலச்சிக்கலுக்குக் கொடுத்த மருந்தை மட்டும் இரண்டு நாளாக விட்டுவிட்டீர்களே என்று அண்ணியைக் கடிந்துகொண்டார். மார்ஃபின் குடிப்பவருக்கு அது தினமும் வேண்டும்.